பட்டியலின் ஓரத்தில் இரண்டு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி வந்துவிட்டால் எந்த சபாவில் யார், எத்தனை மணிக்குப் பாடுகிறார் என்று தினமும் பட்டியல் போடுகிறீர்கள். சென்னைக்கு வந்து கேட்க முடியாத என்னைப் போன்றவர்கள்கூட அதை ஆசையாகப் படிக்கிறோம். அதே மாதத்தில் விடியற்காலையில் தெருவில் சேர்ந்து பாடுகிறவர்களைப் பற்றியும் கொஞ்சம் எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் கும்பகோணத்தில் இருக்கிறேன். எங்கள் தெரு பஜனைக் குழுவில் பதினைந்து, பதினாறு பேர். காலை 5 மணிக்குப் பிள்ளையார் கோயில் வாசலில் கூடுவோம். ஒரு சுருதிப்பெட்டி, இரண்டு ஜோடி ஜால்ரா, அவ்வளவுதான். திருப்பாவை 30 பாட்டு, நாளுக்கு ஒன்று. திருவெம்பாவை 20, மாணிக்கவாசகரின் திருப்பள்ளியெழுச்சி 10, அதுவும் கணக்காக முப்பது. பெருமாள் பாட்டு, சிவன் பாட்டு என்று நாங்கள் பிரிப்பதில்லை.

நான் இதில் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. கணவர் போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை. டிவி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். எதிர்வீட்டு மாமிதான், "பாட வேண்டாம், சும்மா வந்து நில்லுங்கோ" என்று கூப்பிட்டார். இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் எல்லாரும் "ஏலோர் எம்பாவாய்" என்று முடிக்கும் இடத்தில் என்னை அறியாமல் என் குரலும் சேர்ந்துகொண்டது. பல மாதம் பேச்சே இல்லாத தொண்டை, கரகரவென்றுதான் வந்தது. பக்கத்தில் நின்றவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா!

தனியாகப் பாடினால் நீளமான அடியில் எனக்கு மூச்சு வாங்கும். குழுவில் அந்தக் கவலையே இல்லை. நான் மூச்சு இழுக்கும்போது பக்கத்திலிருப்பவர் பிடித்துக்கொள்வார், அவர் விடும் இடத்தில் நான். 80 வயதைத் தாண்டிய தாத்தா ஒருவர் பாதிப் பாட்டில் நிறுத்தி, மஃப்ளரை இழுத்துச் சுற்றிக்கொண்டு, அடுத்த அடியில் சரியாக வந்து சேர்ந்துகொள்வார். நடக்க நடக்க வரிசை நீண்டுவிடும். முன்னால் போகிறவர்கள் பாட்டில் அரை அடி முந்திவிடுவார்கள். தெருமுனையில் நின்று, பின்னால் வருகிறவர்களும் வந்து, ஜால்ரா ஒன்றானதும்தான் திரும்புவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்தத் தெருமுனைதான்.

ஆண்டாளே தனியாகப் போகவில்லை. திருப்பாவையில் ஆறாம் பாட்டிலிருந்து பதினைந்தாம் பாட்டு வரை பத்தும், தூங்குகிற தோழிகளை ஒவ்வொரு வாசலாகப் போய் எழுப்புகிற பாட்டுதானே. மயிலாப்பூர் மாடவீதிகளில் பாபநாசம் சிவன் மார்கழி விடியலில் பஜனை பாடிக்கொண்டு வலம் வந்ததை இன்றும் சொல்கிறார்கள். அவ்வளவு பெரிய வித்வான் மேடையோடு நின்றுவிடாமல் தெருவில் இறங்கிப் பாடியிருக்கிறார்.

ஒரு வருத்தமும் உண்டு. போன வருடம் பக்கத்துக் கோயில் ஒன்றில் ஐந்து மணிக்கே குழாய் ஸ்பீக்கரில் ரெக்கார்டு போட்டுவிட்டார்கள். அதே திருப்பாவைதான், அருமையான குரல்தான். ஆனால் நாங்கள் பாடுவது எங்களுக்கே கேட்கவில்லை. நான்கைந்து பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று விதி இருக்கிறது. ஆனாலும் சண்டைக்குப் போக எங்களுக்கு மனமில்லை. ஒருநாள் எல்லாருமாகப் போய், ஒரு மணி நேரம் நிறுத்தி வையுங்கள் என்று கேட்டோம். ஸ்பீக்கர் போடுகிற பையன் யோசித்துவிட்டு, சரி என்று அணைத்தான். அப்புறம் ஒரு வாரம் கழித்து அவனும் ஜால்ரா தட்ட வந்துவிட்டான். நின்றுபோனவர்களில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள்.

ரெக்கார்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாட ஆட்கள் இருக்கும் தெருவில் அவர்கள் பாடி முடிக்கும் வரை அது காத்திருக்கட்டும்.

கச்சேரிப் பட்டியலின் ஓரத்தில், எந்த ஊரில் எந்தத் தெருவில் எத்தனை மணிக்குப் பஜனை என்று இரண்டு வரி போடுங்கள். வாசகர்களிடம் கேட்டால் எழுதி அனுப்புவார்கள். எங்கள் தெருவுக்கு இப்படிப் போட்டால் போதும்: காலை 5 மணி, பிள்ளையார் கோயில் வாசல். பாட வராது என்பவர்களும் வரலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.