மோர்க்குழம்பு வழிந்த ஞாயிற்றுக்கிழமை

மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள் என்று படித்ததும் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை.

போன மாதம் கோவில்பட்டியிலிருந்து ராத்திரி திரும்பும்போது, ரோட்டில் படுத்திருந்த மாடு கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது. கண் பரிசோதனைக்குப் போகணுமோ என்று பயந்தே போனேன். காலையில் பார்த்தால் மங்கியிருந்தது என் கண் இல்லை, காரின் ஹெட்லைட்!

ஒர்க்‌ஷாப்பில் ரெண்டையும் செட்டாக மாற்றச் சொன்னார்கள். விலையைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பற்பசை போட்டுத் தேய்த்தேன். பளிச்சென்று ஆனது, மூன்றே வாரம். அப்புறம்தான் சங்கதி புரிந்தது. உங்க அப்பா வைத்திருந்த அம்பாசடரில் இருந்தது கண்ணாடி, அது மஞ்சளிக்காது. இப்போது வருவது பாலிகார்பனேட் என்கிற பிளாஸ்டிக். வெயில் தாங்க அதன்மேல் ஒரு பூச்சு இருக்கும். புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு அது செத்துப்போகிறது. செத்ததைச் சுரண்டி எடுக்காமல் மேலே மினுக்கி என்ன பண்ண?

ஞாயிற்றுக்கிழமை வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, பெயிண்டில் கீறல் விழாமல் சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டினேன். சோப்புத் தண்ணீர் விட்டு 800 நம்பர் வாட்டர் பேப்பரால் (ஈரத்தில் தேய்க்கிற உப்புத்தாள்) நாலு இழுப்பு இழுத்ததுமே மோர்க்குழம்பு மாதிரி மஞ்சளாக வழிந்தது. வழிகிற தண்ணீர் வெள்ளையாகும்வரை விடாதே. அப்புறம் இன்னும் நைசான 1500, 2000, 3000 நம்பர் பேப்பர்கள். ஒன்றைக் கிடைவாட்டில் தேய்த்தால் அடுத்ததை நெடுவாட்டில் தேய். பழைய கீறல் போயிற்றா என்று அப்போதுதான் தெரியும். பாதியில் விளக்கு பால் ஊற்றிய மாதிரி வெளுத்துப்போகும். உன் தங்கச்சி எட்டிப் பார்த்து, “இருந்ததையும் கெடுத்தாச்சா?” என்றாள். ரப்பிங் காம்பவுண்ட் என்கிற பாலிஷ் பசை போட்டுத் துடைத்த பிறகு பேச்சைக் காணோம்.

அதோடு நிறுத்தினால் மறுபடி மஞ்சளிக்கும், மேலே பூச்சே இல்லையே. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, புற ஊதாக் கதிர் தடுக்கும் கிளியர் கோட் என்கிற நிறமில்லாத பூச்சை வெட்டவெளியில் வைத்து ஸ்ப்ரே செய்தேன். முகமூடி போட்டுக்கொள், நெடி தாங்காது.

உன் காரிலும் இதே தொல்லை என்று எழுதியிருந்தாய். விரலால் தடவிப் பார். சொரசொரவென்று இருந்தால் தேய்த்துவிடலாம். உள்ளே நீர் கோத்திருந்தால் சீல் போயிருக்கும், அதற்கு என்னிடம் வைத்தியம் இல்லை. 2000 நம்பர் பேப்பர் ரெண்டு மிச்சம் இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது பஸ்ஸில் வராதே, காரிலேயே வா.

அன்புடன்,
உன் மாப்ளே