மண்ணைப் பார்த்து டயர் போடுங்கள், தம்பிமாரே

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைகளிலும் மலையோரத் தோட்டங்களிலும் ஏ.டி.வி. (பைக் மாதிரி ஹேண்டில் பிடித்து மணல், சேற்றில் ஓட்டும் நாலு சக்கர வண்டி), சைட் பை சைட் (பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டீயரிங் பிடித்து ஓட்டும் பெரிய வண்டி) வண்டிகளை வாடகைக்கு ஓட்டக் கொடுக்கும் தம்பிமார் எல்லாருக்கும்,

வணக்கம். தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில் ரோட்டோரம் டயர் கடை வைத்திருப்பவன் நான். லாரி, டெம்போ, டிராக்டர் என்று கழற்றிப் பழகிய கை. இரண்டு மூன்று வருடமாக உங்கள் வண்டிகளும் வருகின்றன. வந்தவற்றைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்களில் பலர் டயரை மண்ணைப் பார்த்து எடுப்பதில்லை. போனில் வரும் படத்தைப் பார்த்து எடுக்கிறீர்கள்.

போன டிசம்பரில் ஒரு வண்டியை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். யாருடையது என்பது வேண்டாம். இறக்கும் முன்பே, இன்ஜின் இழுப்பைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட் கருகிய வாடை கடைக்குள் வந்துவிட்டது. நாலு சக்கரத்திலும் சேற்று டயர். தரையைப் பிடிக்க மேலே துருத்தி நிற்கும் ரப்பர் கட்டி, நாங்கள் பட்டன் என்போம், ஒவ்வொன்றும் என் பெருவிரல் உயரம், இரண்டு பட்டனுக்கு நடுவில் உள்ளங்கை வைக்கலாம். பார்க்க யானை மாதிரிதான் இருந்தது. ஓடுவது எங்கே என்று கேட்டேன். கடற்கரையில் என்றார்கள்.

சேற்று டயரின் வேலையே தோண்டுவது. மேலே உள்ள சேற்றை வாரி எறிந்துவிட்டு அடியில் இருக்கும் கெட்டித் தரையைப் பிடிக்கும். மணலில் அடியில் போனாலும் மணல்தானே. ஓட்டியவர் லீவரை அழுத்த அழுத்த வண்டி முன்னால் போகாமல் கீழே போயிருக்கிறது. போதாததற்கு 25 அங்குல டயர் இருந்த இடத்தில் 28 அங்குலத்தை மாட்டியிருந்தார்கள். அதே இன்ஜின், அதே பெல்ட், பெரிய சக்கரம். இழுக்க முடியாமல் பெல்ட் வழுக்கிக் கருகிவிட்டது. டயருக்குக் கொடுத்த காசு போதாதென்று பெல்ட்டுக்கும் கொடுத்தார்கள்.

"அப்போ மணலுக்கென்றே துடுப்பு டயர் இருக்கே அண்ணாச்சி, அதைப் போடட்டுமா?" என்று அந்தத் தம்பி கேட்டான். பின்சக்கரத்தில் குறுக்கே துடுப்புத் துடுப்பாக ரப்பர் நிற்கும், முன்சக்கரம் ஏறக்குறைய மொட்டையாக நடுவில் ஒரு வரம்போடு இருக்கும், அந்த ஜோடியைச் சொல்கிறான். பாலைவனத்து மணல் குன்றுக்கு அது ராஜா. நம் கரை அப்படியா? சொத்தவிளையிலோ சங்குத்துறையிலோ பத்தடி புதைமணல், அப்புறம் அலை நனைத்த கெட்டி மணல், உடனே கடல். ஆனி ஆடியில் கடல் ஏறினால் அதிலும் பாதி காணாது. கெட்டி மணலில் துடுப்பு டயர் குதித்துக்கொண்டே ஓடும், முன்சக்கரம் திருப்பினாலும் கேட்காது. கரைக்கு என் வாக்கு எல்லாத் தரைக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயருக்குத்தான். பட்டன் குட்டையாக, நெருக்கமாக, தோள்பட்டை உருண்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். காற்றைச் சரியாக வைத்தால் அது மணலைத் தோண்டாமல் மேலேயே மிதக்கும்.

அந்தக் காற்று விஷயம்தான் எனக்குப் பெரிய வருத்தம். 1970-ல் ஹோண்டா கம்பெனி அமெரிக்காவில் இறக்கிய மூன்று சக்கர வண்டிக்கு சஸ்பென்ஷனே கிடையாது. உப்பிய பலூன் டயரில் கொஞ்சமாகக் காற்று, அதுதான் சஸ்பென்ஷன். இன்றைக்கு ஸ்பிரிங் எல்லாம் வந்துவிட்டாலும் ஏ.டி.வி. டயருக்குப் பெரும்பாலும் காற்றழுத்தம் 5, 6, 7 பி.எஸ்.ஐ. (கேஜில் காட்டும் அளவு) போதும். சைட் பை சைட் கனமான வண்டி, ஆளும் இரண்டு மூன்று பேர், அதனால் 10-க்கு மேல் கேட்கும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று வண்டியிலேயே ஸ்டிக்கர் இருக்கும், பிய்த்துப் போடாமல் இருந்தால்.

இதில் எங்கள் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். என் கடையில் காற்று பார்க்கும் கேஜ் லாரிக்கானது. அதில் 5 பி.எஸ்.ஐ. என்றால் முள் படுத்த இடத்தை விட்டு எழும்பியிருக்காது. அப்படிப்பட்ட கேஜை வைத்துக்கொண்டுதான் வழியில் உள்ள கடைப் பையன்கள் உங்களுக்கு ஸ்கூட்டர் கணக்கில் 30 அடித்துவிடுகிறார்கள். டயர் பந்து மாதிரி ஆகி நடு வரிசைப் பட்டன் மட்டும் தரையில் படுகிறது. ஒரு கல்லில் ஏறினால் வண்டி துள்ளுகிறது. ஓட்டுவது உங்களைப் போலப் பழகியவர் இல்லை, ஊர் சுற்றிப் பார்க்க வந்த பிள்ளைகள். ரிம்மில் பீட், அதாவது டயரின் உள் விளிம்பு, உட்காருவதற்குக் கூட இவ்வளவுக்கு மேல் அடிக்காதே என்று டயரின் சைடிலேயே அச்சடித்திருக்கும். அதைப் படிக்கச் சொல்லுங்கள்.

அதே சைடில் படிக்க இன்னும் விஷயம் இருக்கிறது. 25x8-12 என்றால் உயரம் 25 அங்குலம், அகலம் 8, ரிம் 12. பின்சக்கரத்துக்கு அகலம் 10 என்று வரும். முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றிப் போட முடியாது. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் கம்பெனி சொன்ன உயரக் கணக்கை மீறி முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் போட்டால் கியர்தான் அடி வாங்கும். 6 பிளை என்பதும் உள்ளே ஆறு அடுக்கு என்று அர்த்தம் இல்லை, அத்தனை அடுக்குக்கு உரிய பலம் என்றுதான். தேதி எண் உள்ள டயர் என்றால் கடைசி 4 எண்ணைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் வார்த்தது. பட்டன் புதிதாக இருக்கிறது என்று பழைய ஸ்டாக்கைத் தலையில் கட்டுவார்கள், சைடில் முடி போல வெடிப்பு தெரியும். அப்புறம் என்.எச்.எஸ். என்று மூன்று எழுத்து. நேஷனல் ஹைவேயில் ஓட்டலாம் என்று அர்த்தமாம், ஒரு தம்பி எனக்கே பாடம் எடுத்தான். அர்த்தம் நேர் எதிர், ரோட்டுக்கு ஆகாது என்பது.

மலையோரத்தில் ஓட்டுகிறவர்களுக்குக் கணக்கு வேறு. குலசேகரம், அருமனைப் பக்கத்துச் செம்மண் மழை பெய்தால் டயரில் அப்பிக்கொண்டு விடாது. அங்கே பட்டன் விலகி இருந்தால்தான் சுற்றும்போது சேறு தானாக உதிரும். ஆனாலும் முழுச் சேற்று டயர் வேண்டாம் என்பேன். ஈரம் காய்ந்த பத்தாவது நாள் அதே பாதை பாறையும் சரளையும்தான். நடுத்தரப் பட்டன், 6 பிளைக்குக் குறையாதது எடுங்கள். ரப்பர் தோட்டத்தில் வெட்டிவிட்ட குற்றிகள் புல்லுக்குள் மறைந்து கிடக்கும், குத்துவது சைடில்தான். பட்டன் பகுதியில் ஆணி ஏறினால் நான் அடைத்துத் தருவேன். சைடு கிழிந்தால் யாரும் அடைக்கக் கூடாது, அடைத்துத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள்.

கடைசியாகக் கடற்கரைக்காரர்களுக்கு. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும் காலம். முட்டை ஒன்றரை அடி ஆழத்தில் ஒன்றரை மாதத்துக்கு மேல் கிடக்கும். உங்கள் பட்டன் டயர் போட்ட குழி நமக்கு ஒன்றுமில்லை, பொரித்து வரும் குஞ்சுக்கு அது ஏற முடியாத பள்ளம். கரையில் நின்று கரைமடி வலை இழுக்கிற மீனவர்களும் என் கடையில் வந்து உங்களைத்தான் திட்டுகிறார்கள். அந்த மாதங்களில் மேல்மணலில் ஏறாதீர்கள், இருட்டிய பிறகு ஓட்டவே ஓட்டாதீர்கள். மணல்மேட்டில் ஏற்றிக் காட்டச் சொல்லி வாடிக்கையாளர் கேட்டால் டயர் தாங்காது என்று என் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

0 முதல் 15 வரை மட்டும் காட்டும் சின்ன கேஜ் ஒன்று இந்த மாதம் வாங்கி வைத்திருக்கிறேன். உங்கள் வண்டிகளுக்குக் காற்று பார்க்கக் காசு இல்லை. காலையில் வாருங்கள், வெயிலில் டயர் சூடாகிவிட்டால் கேஜ் கூடுதலாகக் காட்டும். திங்கட்கிழமை கடை லீவு.

இப்படிக்கு,
உங்கள் டயர் கடை அண்ணாச்சி