பாலிஹவுஸ் குடைமிளகாய் விவசாயிகளுக்கு: பொட்டாஷைக் கணக்குப் பார்த்துக் கொடுங்கள்

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பாலிஹவுஸில் (பிளாஸ்டிக் கூரைக் குடிலில்) குடைமிளகாய் போடும் அனைவருக்கும் வணக்கம்.

காய் பிடித்ததும் பொட்டாஷை, அதாவது பொட்டாசியம் உரத்தை, கூட்ட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எவ்வளவு கூட்டுவது என்பதைப் பறிப்புக் கணக்கிலிருந்து எடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

1 டன் குடைமிளகாய் தோட்டத்தை விட்டுப் போகும்போது சுமார் 2 கிலோ பொட்டாசியம் கூடவே போகிறது. மூட்டையில் அச்சிடும் பொட்டாஷ் (K₂O) கணக்கில் அது இரண்டரை கிலோ. 25 சென்ட் பாலிஹவுஸில் 10 டன் பறித்தால் 25 கிலோ பொட்டாஷ். அதாவது 50 கிலோ எஸ்.ஓ.பி. (பொட்டாசியம் சல்பேட்), இல்லையென்றால் சுமார் 55 கிலோ 13-0-45 (பொட்டாசியம் நைட்ரேட்). செடியும் இலையும் வளர இதற்கு மேலும் சத்து வேண்டும்தான். ஆனால் அது தோட்டத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை.

வெளி வயலில் கூடுதலாகப் போட்டதை மழை கழுவிவிடும். பாலிஹவுஸில் மழை இல்லை, மிச்சமெல்லாம் வேரடியில் உப்பாகத் தங்குகிறது. பொட்டாஷ் மிஞ்சினால் சுண்ணாம்புச் சத்தையும் (கால்சியம்) மெக்னீசியத்தையும் வேர் எடுக்க விடாது. காயின் அடியில் தோல் வெளுத்து, காய்ந்து, கருகும். அப்போது கால்சியம் தெளிப்புக்குச் செலவழிப்பதைவிட, உரத்தொட்டியில் பொட்டாஷைக் குறைத்துப் பாருங்கள். அடி இலையைப் பறித்து வெளிச்சத்தில் பிடியுங்கள்: நரம்பு பச்சையாக இருந்து நடுவில் மஞ்சளானால் மெக்னீசியம் குறைவு, ஓரம் மட்டும் மஞ்சளாகிக் கருகினால்தான் பொட்டாஷ் குறைவு. இரண்டையும் ஒன்றாக நினைத்து மேலும் பொட்டாஷ் விடுவதால்தான் பல தோட்டங்கள் கெடுகின்றன.

எம்.ஓ.பி. (பொட்டாசியம் குளோரைடு) விலை குறைவுதான், ஆனால் அதன் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு குளோரைடு. போர் தண்ணீரின் ஈ.சி. (உப்பளவைக் காட்டும் மின்கடத்தும் அளவு, dS/m அலகில்) ஏற்கெனவே 1-ஐத் தாண்டியிருந்தால் உள்ளே அது வேண்டாம். சர்க்கரை ஆலைக் கழிவிலிருந்து வரும் 14.5 சதவீதப் பொட்டாஷ் உரம் நம் நாட்டிலேயே கிடைப்பது நல்ல செய்தி. அதையும் உப்பளவு பார்த்தே உள்ளே கொண்டுவாருங்கள்.

எஸ்.ஓ.பி. மெதுவாகத்தான் கரையும். 100 லிட்டருக்கு 8 கிலோவுக்கு மேல் வேண்டாம். கலக்கி, தெளியவிட்டு, வடிகட்டி விடுங்கள். கால்சியம் நைட்ரேட்டுடன் ஒரே தொட்டியில் போட்டால் ஜிப்சமாக உறைந்து டிரிப்பரை (சொட்டுநீர்த் துளையை) அடைக்கும், தனித்தொட்டி கட்டாயம். 13-0-45 கரையும்போது தண்ணீரைக் குளிரவைக்கும். மூட்டையை மொத்தமாகக் கொட்டினால் அடியில் கட்டியாக நிற்கும்.

தென்னை நார்க்கழிவுப் பையில் நடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கழுவாத நார்க்கழிவிலேயே பொட்டாசியமும் சோடியமும் நிறைய. நல்ல தண்ணீரில் கழுவி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்து, மறுபடி கழுவுங்கள். முதல் சில வாரம் பொட்டாஷைக் குறைத்தே விடுங்கள். பாறைத் துகளிலிருந்து பொட்டாஷை விடுவிக்கும் பாக்டீரியா உரத்துக்கு இந்தப் பையில் வேலையே இல்லை. விடுவிக்க அங்கே தாது மண் கிடையாது. மண்ணில் நட்டவர்களுக்கு அது உதவலாம்.

வாரம் ஒருமுறை டிரிப்பர் தண்ணீரையும் பையிலிருந்து வடியும் தண்ணீரையும் ஈ.சி. மீட்டரில் பாருங்கள். வடிநீரின் ஈ.சி. டிரிப்பர் தண்ணீரைவிட 1 அலகுக்கு மேல் கூடினால் உரத்தைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுங்கள். வடிநீரைச் சாக்கடையில் விடாமல் வெளியே தீவனப்புல்லுக்கோ வாழைக்கோ பாய்ச்சுங்கள்.

கவாத்துக் கழிவையும் பிடுங்கிய செடியையும் வெட்டவெளியில் குவிக்காதீர்கள். பொட்டாசியம் இலையில் கரையும் உப்பாகவே இருக்கிறது. ஒரு நல்ல மழையில் பெரும்பகுதி போய்விடும். கூரைக்கடியில், சிமென்ட் தளத்தில் மக்கவைத்து, கசியும் நீரைப் பிடித்து மறுபடி குவியலிலேயே ஊற்றுங்கள். நூற்புழு முடிச்சு விழுந்த வேரையும் வைரஸ் தாக்கிய செடியையும் அதில் சேர்க்க வேண்டாம்.

அடுத்த நடவுக்கு முன் தண்ணீர் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது, ஈ.சி.யோடு குளோரைடு, சோடியம், பைகார்பனேட், பொட்டாசியம் நான்கையும் கேட்டு வாங்குங்கள். உர அட்டவணையை அந்த அறிக்கை வந்த பிறகு போடுங்கள்.

இப்படிக்கு,
பயிர்ச் சத்து மேலாண்மையில் பணிபுரிவோர்