மறைத்து வைத்த சாட்சியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொலை வழக்கு என்றால் உடனே தூக்கில் போட வேண்டும், மேல்முறையீடு என்று இழுத்தடிக்கக் கூடாது என்று வாசகர்கள் சிலர் எழுதிவருகிறார்கள். அவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஜப்பானின் இவாவ் ஹகமாதா வழக்கை அவர்கள் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1966-ல் ஷிசுவோகா மாகாணத்தில், சோயா விழுது தயாரிக்கும் ஆலையின் நிர்வாகி வீட்டில் நான்கு பேர் கொல்லப்பட்டார்கள். வீட்டுக்கும் தீ வைக்கப்பட்டது. ஆலைத் தொழிலாளியும் முன்னாள் குத்துச்சண்டை வீரருமான ஹகமாதாவை நாள்கணக்கில் விசாரித்து, ஒப்புதல் வாக்குமூலம் வாங்கினார்கள். நீதிமன்றத்தில் அவர் அதை மறுத்துவிட்டார். கொலை நடந்து 14 மாதம் கழித்து ஆலையின் விழுதுத் தொட்டியிலிருந்து ரத்தக்கறை படிந்த ஐந்து துணிகள் வெளியே வந்தன. 1968-ல் மரண தண்டனை.

அந்தத் துணிகளில் இருந்த கால்சட்டையை அவருக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஏறவே இல்லை. சரி, ஊறிச் சுருங்கியிருக்கும் என்றார்கள். அதிலிருந்த ‘பி’ என்ற எழுத்து பெரிய அளவைக் குறிப்பது என்று அரசுத் தரப்பு வாதிட்டது. உண்மையில் அது நிறத்துக்கான குறியீடு. துணி தயாரித்த நிறுவனத்தார் அதைப் போலீஸ் விசாரணையிலேயே சொல்லியிருந்தார்கள். அந்த வாக்குமூலம் ஹகமாதாவின் வழக்கறிஞர் கைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆயின. துணிகளின் வண்ணப் படங்களும் அப்படித்தான். ஒரு வருடத்துக்கு மேல் விழுதில் ஊறிய ரத்தம் கருத்துப் போயிருக்க வேண்டும். படத்தில் கறை சிவப்பாகவே இருந்தது.

2014-ல் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டு அவரை வெளியே விட்டார்கள். அரசுத் தரப்பு அதையும் எதிர்த்தது. புலனாய்வாளர்கள் சாட்சியத்தை ஜோடித்தார்கள் என்று சொல்லி நீதிமன்றம் அவரை விடுவித்தது 2024 செப்டம்பரில். அப்போது அவருக்கு வயது 88. தூக்கு என்பதை அன்று காலையில்தான் கைதிக்குச் சொல்லும் நாடு அது. அந்தப் பயத்திலேயே வருடக்கணக்கில் கிடந்தவருக்கு மனநிலை எப்போதோ குலைந்துவிட்டது. தீர்ப்பைக் கேட்க நீதிமன்றத்துக்கு வந்தவர் அவருடைய அக்கா ஹிதெகோதான்.

நம் உச்ச நீதிமன்றமும் 2022-ல், மத்தியப் பிரதேச வழக்கொன்றில் தூக்கை ஆயுளாகக் குறைத்தபோது, போலீஸ் திரட்டிவிட்டுத் தாக்கல் செய்யாமல் வைத்திருக்கும் ஆவணங்களின் பட்டியலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுக்க வேண்டும் என்றது. நம் விசாரணை நீதிமன்றங்களில் அந்தப் பட்டியல் உண்மையிலேயே கைக்கு வருகிறதா? வழக்கறிஞர்களிடம் கேட்டு ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், கும்பகோணம்