நைட் ஷிப்ட் மகளுக்கு

ராயபுரம்

அன்பு மகள் கலைக்கு,

நொய்டாவில் உன்னை நைட் ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்களாம், எல்லைச் செய்தியெல்லாம் இனி நீதான் பார்க்கணுமாம். அம்மா சொன்னாள். போனில் அவசரமாகச் சொல்லிவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

2025 மே 8 ராத்திரி, கராச்சி துறைமுகத்தை நம் கடற்படை நொறுக்கிவிட்டது என்று சேனல் சேனலாக ஓடியது. கல்மண்டபம் டீக்கடையில் கைதட்டினார்கள். என்னால் முடியவில்லை. ஆயுசு முழுக்க ஹார்பரில் கிரேன் ஓட்டியவன் நான். ராத்திரி நேரத்தில் கப்பல் பக்கத்தில் யார் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். மூட்டை தூக்குகிறவன், லாரி டிரைவர், கணக்கு எழுதுகிற பையன். கடைசியில் அப்படி ஒரு தாக்குதலே நடக்கவில்லை.

வதந்தி என்ன செய்யும் என்று நம்ம ஊருக்குத் தெரியும். 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான்காரன் குண்டு போட்டது நிஜம். அடுத்து மெட்ராஸ்தான் என்ற பேச்சில் ஊரே காலியானது. சென்ட்ரல் பக்கத்து மிருகக்காட்சிசாலையில் சிங்கம் புலியைக்கூடச் சுட்டுப் போட்டார்கள். அவன் படை இங்கே இறங்கவே இல்லை.

அந்தக் கராச்சி செய்திக்கு ரெண்டாம் நாள், மே 10 மத்தியானம் 3:35-க்கு, பாகிஸ்தானின் ராணுவ நடவடிக்கைகள் தலைமை இயக்குநர் நம்மவரைக் கூப்பிட்டுப் பேசினார். சாயங்காலம் 5 மணியோடு சண்டையை நிறுத்துவது என்று முடிவானது. 12-ஆம் தேதி மறுபடியும் பேசினார்கள். யோசித்துப் பார் பாப்பா. நடக்காத அடியை நாம் இங்கே கொண்டாடினால், அந்தப் பக்கத்து ஜனம் திருப்பி அடி என்று தன் ஆட்களை நெருக்காதா? அப்புறம் போனை எடுத்து, நிறுத்திக்கொள்வோம் என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

பேச்சுவார்த்தை சத்தமில்லாமல்தான் நடக்கிறது. அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்று ரெண்டு நாடும் 1988-ல் ஒப்பந்தம் போட்டன. 1992-லிருந்து ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் அந்த இடங்களின் பட்டியலைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். கார்கில் சண்டை நடந்தும் அது நிற்கவில்லை. நீ இதைப் பெரிய எழுத்தில் போடு, நான் முழித்திருந்து பார்க்கிறேன்.

தாக்குதல் என்று ஒரு வரி வந்தால், சொன்னது யார், பாதுகாப்பு அமைச்சகம் வாய் திறந்ததா என்று கேள். பக்கத்துச் சேனல் போட்டுவிட்டது என்று மேலே இருப்பவர் கத்தினால் கத்தட்டும். வேலையே போனாலும் பயப்படாதே. என் பென்ஷன் இருக்கிறது, இந்த வீடு இருக்கிறது.

பொங்கலுக்கு லீவு சொல்லிவிட்டாயா? டிக்கெட்டை இப்பவே போட்டுவிடு.

உன்
நைனா