மறுபரிசோதனைச் சீட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அப்பாவும் நலம். கொல்லை முருங்கை போன வாரக் காற்றில் முறிந்து விழுந்துவிட்டது. அப்பா அதிலேயே ஒரு கொம்பை வெட்டி நட்டிருக்கிறார். மற்றச் செய்திகளைப் பிறகு எழுதுகிறேன். தொலைபேசியில் நான் வாயைத் திறந்தாலே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். பொங்கலுக்கு வந்தபோது உன் கழுத்தைப் பற்றிக் கேட்டதில் உனக்கு வருத்தம் என்பதும் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

அன்று உனக்குத் தலை பின்னும்போது, பின்கழுத்து மடிப்பில் கறுத்து, தொட்டால் வெல்வெட்டுத் துணிபோல் சற்றே தடித்திருந்த இடத்தைச் சங்கிலி உராய்ந்த அழுக்கு என்று நினைத்துப் பயத்தமாவு போட்டுத் தேய்த்தேன். அது அழுக்கு அன்று. இன்சுலின் சுரந்தும் உடம்பில் சரியாக வேலை செய்யாதவர்களுக்குத் தோல் அப்படிக் கறுப்பதுண்டாம். மார்ச் 10-ஆம் தேதி கால் பரிசோதனைக்காக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தபோது இதைக் கேட்டேன். சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவின் பிறந்த நாளான அதைக் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரிகளை வரிசையாக உட்காரவைத்துச் செவிலியர் பேசிக்கொண்டிருந்தார். நான் என் வேலை முடிந்தும் எழுந்திருக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கர்ப்பத்தின்போது நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுப்பதால் சிலருக்குச் சர்க்கரை ஏறுகிறது. பிள்ளை பிறந்து நஞ்சு விழுந்ததும் பெரும்பாலோருக்கு அது தானாக இறங்கிவிடுகிறது. ஆனால், அப்படி ஒருமுறை ஏறியவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிடப் பல மடங்கு அதிகம் என்றார் அவர். பிரசவமாகி ஆறு வாரத்தில் ஒருமுறையும், அதன்பின் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயுள் முழுதும் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். குட்டிக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. நீ ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

உன் தைரியத்தை நான் எல்லோரிடமும் சொல்வேன். கடைசி இரண்டு மாதமும் ஒருநாள் தவறாமல் உன் தொடையில் நீயே இன்சுலின் போட்டுக்கொண்டாய். பக்கத்தில் நின்ற நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவ்வளவு கவனமாக இருந்தவள், பிள்ளைக்காக என்றால் செய்வாய், உனக்காக என்றால் செய்யமாட்டாய் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வெறும் வயிற்றில் போய், 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி இரத்தம் கொடுக்க வேண்டும். முதல் அளவு 126 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, இரண்டாவது 200 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ நீரிழிவு. இரண்டாவது அளவு 140-க்கும் 199-க்கும் நடுவில் இருந்தால் எல்லைக்கோடு; அங்கேயே பிடித்துவிட்டால் நல்லது. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், எல்லைக்கோட்டில் இருந்தவர்கள் உணவையும் நடையையும் சீர்செய்துகொண்டதாலேயே நீரிழிவுக்குப் போவது கால் பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது. ஒருவேளை நீரிழிவே என்றாலும் பயப்படாதே. மெட்ஃபார்மின் பழைய, நம்பகமான மாத்திரை. எனக்கு முதல் இரண்டு வாரம் வயிற்றைப் புரட்டியது. சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டு, மெதுவாகக் கரையும் மாத்திரைக்கு மருத்துவர் மாற்றிக் கொடுத்ததும் சரியாகிவிட்டது. இரண்டாவது குழந்தையைப் பற்றி உன் மாமியார் பேசுகிறார் என்றாயே, அதற்கும் முன்னால் பார்த்தாக வேண்டும். குழந்தையின் இதயமும் முதுகெலும்பும் உருவாகும் முதல் எட்டு வாரங்களில் தாய்க்குச் சர்க்கரை ஏறியிருந்தால் ஊனம் வரக்கூடும். நாள் தள்ளிப்போனது தெரிந்து நீ மருத்துவரிடம் போவதற்குள் அதில் பாதி நாள் ஓடியிருக்கும்.

இவ்வளவும் உன்மேல் குறையாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. குறை என்னுடையது. உன்னை வீட்டுக்கு அனுப்பிய அன்று, நீ பிள்ளையை மடியில் வைத்து ஆட்டோவில் உட்கார்ந்திருந்தபோது, மருத்துவர் அம்மா ஒரு சீட்டை என் கையில்தான் கொடுத்தார். ஆறாவது வாரம் கட்டாயம் வரச் சொன்னார். பிரசவத்துக்குப் பிறகு பார்த்ததில் சர்க்கரை சரியாக இருந்ததால், இனி என்ன என்று எனக்குத் தோன்றிவிட்டது. பச்சை உடம்புக்காரியை வெறும் வயிற்றில் காக்கவைப்பதா என்றும் நினைத்தேன். சர்க்கரைக்காரி என்ற பேச்சு சம்பந்தி வீட்டில் எழக்கூடாது என்பதும் மனத்தில் இருந்தது. அதை இன்றுவரை அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. நீ ஒருநாள் "மறுபடி போகணுமாம்மா?" என்று கேட்டாய். எல்லாம் போய்விட்டது, வேண்டாம் என்றேன். எட்டு ஆண்டாகச் சர்க்கரைக்கு மாத்திரை விழுங்கும் நான், அதைச் சொன்னேன். நீ நம்பினாய்.

அந்தச் சீட்டு ரேஷன் அட்டை உறைக்குள் மடித்தபடியே இருந்தது. இதோடு வைத்திருக்கிறேன். தேதி போய்விட்டாலும் என்ன பரிசோதனை என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த இரண்டு மணி நேரமும் குட்டியை யார் பார்த்துக்கொள்வது என்றுதான் தள்ளிப்போடுவாய். புதன்கிழமை இரவுப் பேருந்தில் ஏறுகிறேன். வியாழன் காலை நான் வந்து சேரும்வரை காப்பிகூடக் குடிக்காதே.

அன்புடன்,
அம்மா