ரிச்சி தெரு பெரியவருக்கும், மற்ற எல்லோருக்கும்

நேற்று ராத்திரி கச்சேரி முடிந்து வந்தேன், காது இன்னும் அடைத்தபடியே இருக்கிறது, தூக்கமும் வரவில்லை, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். இத்தனை மாதம் நாங்கள் பட்டது உங்களுக்குத் தெரியும், அதைக் கிளற மனசில்லை. கலைந்துபோன மூன்று பேண்டுகளில் மிஞ்சிய நான்கு பேர் நேற்று ஒரே மேடையில் நின்றோம்.

முதல் நன்றி, சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து பழைய ரேடியோ ரிப்பேர் பார்க்கும் பெரியவருக்கு. வியாழக்கிழமை சாயங்காலம் கிடார் சத்தத்தைப் பெருக்கித் தருகிற என் 15 வாட் வால்வு ஆம்ப், பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வுகளில் ஓடுவது, உயிரை விட்டது. டிரான்சிஸ்டர் ஆம்ப் வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் அதில் ப்ளூஸ் ராக் வாசிக்க எனக்கு மனசு ஒப்பாது. வால்வைத் திணறத் திணற ஓட்டினால் வருகிற அந்தக் கரகரப்புதான் கிடாரைப் பேச வைக்கும். நான்கு கடைகளில் கையை விரித்துவிட்டார்கள்.

இவர் மூடியைக் கழற்றிப் பார்த்து, "இஎல்84ஆ? நம்ம ரேடியோ வால்வுதானே தம்பி" என்றார். பிஸ்கட் டின்னைத் திறந்து, பேப்பரில் சுற்றி வைத்திருந்த ஆறு வால்வுகளை எடுத்தார். பெங்களூர் பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) தயாரிப்பு, கண்ணாடியில் முத்திரை பாதி அழிந்திருந்தது. ஒவ்வொன்றின் ஒன்பது ஊசிகளையும் துணியால் துடைத்து, மீட்டரில் வைத்துப் பார்த்து, ஒரே அளவு கரண்ட் இழுக்கிற இரண்டைத் தேர்ந்தெடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டும் வேறு வேறு ரேடியோவில் இருந்தவை. மாட்டியதும் உள்ளே மெல்லச் செம்மஞ்சளாய் ஒளி ஏறியது. அவசரப்பட்டு கிடாரை எடுத்தேன். "இரு, சூடாகட்டும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

காசு வாங்கவில்லை. "டின்னுல தூங்கிட்டு இருந்துச்சு, பாடட்டும்" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை.

அப்புறம், வாடகை பாக்கியைக் கேட்காமலே சாவியைக் கொடுத்த, நாங்கள் ஒத்திகை பார்க்கும் ஜாம் ரூம் அண்ணன், நாலு பேருக்கும் தயிர் சாதம் கட்டிக் கொடுத்த டிரம்மரின் அம்மா, டிரம்ஸை மூன்று மாடி தூக்கி ஏற்றிய நண்பர்கள், கடைசிப் பாட்டு வரை நின்ற நீங்கள், எல்லோருக்கும் நன்றி. இனி எங்களுக்குள் என்ன சண்டை வந்தாலும் அன்றைக்கே பேசித் தீர்த்துக்கொள்வதாக நாலு பேரும் சொல்லிக்கொண்டோம்.

பெரியவரைக் கச்சேரிக்குக் கூப்பிட்டேன், ராத்திரி பஸ் கிடைக்காது என்றார். ஞாயிற்றுக்கிழமை அவர் கடை இல்லை. திங்கட்கிழமை ஆம்பைத் தூக்கிக்கொண்டு போகிறேன். அந்த மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு பன்னிரண்டு பார் (தாளச் சுற்று) ப்ளூஸ், அவருக்காக.